பொயிலர் அறைக் காற்று

குவைத்
12.12.2024, வியாழன்

அண்ணா,

எழுதுவது தக்ஷாயினி. கையெழுத்தைப் பார்த்ததுமே உங்களுக்கு விளங்கியிருக்கும். ஆனாலும் மூன்று வருடம் கதைக்காமல் இருந்த ஆளிடம் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

சண்டை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். லீவில் கரவெட்டிக்கு வந்து நின்ற நீங்கள், நான் ஏறியிருந்த வான் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, "குவைத்துக்குப் போனால் எனக்குத் தங்கச்சி எண்டு ஒருத்தி இல்லை" என்று ஊருக்கே கேட்கச் சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை. இப்போது அந்த இல்லாத தங்கச்சிக்கு ஒரு மெக்கானிக் தேவைப்படுகிறது. எனக்குத் தெரிந்த மெக்கானிக் அபுதாபி முசஃபாவில் ஏசி வேலை செய்யும் நீங்கள் ஒருவர்தான்.

நான் வேலை செய்யும் வீட்டில் குளிர்காலத்துக்கு அறைகளைச் சூடாக்க ஒரு பொயிலர் இருக்கிறது. மேடத்தின் மாமனார் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அவரை நாங்கள் பாபா என்று கூப்பிடுவோம். அவருக்கென்று கீழ்மாடியில் புதிதாக ஒரு பெரிய அறை கட்டினார்கள். இரண்டு ஏசிக்காரர்கள் வந்து அந்த அறையில் மூன்று இரும்புத் தட்டுகளைப் பூட்டி, பழைய குழாயோடு இணைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து தட்டுகளுக்குள் கொளகொளவென்று சத்தம். அடிப்பக்கம் சுடுகிறது, மேல்பக்கம் ஐஸ். பாபா குளிரில் நடுங்குகிறார். நாங்கள்தான் எதையோ முறுக்கிப் பழுதாக்கிவிட்டோம் என்று மேடம் ஏசுகிறா. நாங்கள் என்பது நானும், அட்டனிலிருந்து வந்த மீனாம்பாள் அக்காவும்.

என் போனும் அக்காவின் போனும் மேடத்தின் அலுமாரிக்குள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஒரு மணித்தியாலம் தருவா. அது என் மகள் ரக்ஷிதாவோடு கதைக்கவே போதாது. அவள் அடுத்த நவம்பரில் ஏ.எல். சோதனை எழுதப் போகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். வீட்டு டிரைவர் செய்கு அலாவுதீன் நானா காயல்பட்டினத்து ஆள், நல்ல மனிதர். வியாழக்கிழமை மரக்கறி இறக்க வரும்போது இதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவார். நீங்களும் எழுதிப் படம் எடுத்து அனுப்பினால், இடையில் வரும்போது தன் போனில் காட்டுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது நான் முதலில் வந்த வீடு இல்லை. அங்கே அடி தாங்காமல் ஓடி வந்துவிட்டேன். விசா எடுத்துத் தந்த அந்தக் கஃபீல் நான் ஓடிவிட்டேன் என்று கேஸ் போட்டிருக்கிறார், என்னிடம் கடதாசி ஒன்றும் இல்லை. பொலிஸ் கண்ணில் பட்டால் அடுத்த விமானம்தான். ரக்ஷிதா சோதனை எழுதும் வரைக்கும் எப்படியாவது இங்கே நிற்க வேண்டும். எனக்கு ஏதும் நடந்தால் தேட ஒரு ஆள் வேண்டும் என்பதால் வீட்டு லொக்கேஷனையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

தக்ஷாயினி


முசஃபா, அபுதாபி
14.12.2024

தக்ஷா,

மூன்று வருடம் கழித்து ஒரு கடிதம். அதில் "சுகமா" என்று ஒரு வார்த்தை இல்லை, நேரே பழுது. நீ மாறவேயில்லை.

ஓடி வந்த கதையையும் வாசித்தேன். அதைப் பற்றி இப்போது எழுதினால் ஏசித்தான் எழுதுவேன், ஆகவே விடுகிறேன். வாசலுக்கு வெளியே கால் வைக்காதே. குப்பை போடக்கூடப் போகாதே.

இனி பழுதுக்கு வருகிறேன். பொயிலரைத் தண்ணீர் கொதிக்கவைக்கும் ஒரு பெரிய கேத்தல் என்று நினை. காஸ் அடுப்பு தண்ணீரைச் சுடவைக்கும், பம்ப் அதைக் குழாய் வழியே அறை அறையாகத் தள்ளும். நீ சொல்லும் இரும்புத் தட்டுக்கு ரேடியேட்டர் என்று பெயர். தண்ணீர் அதற்குள் போய்ச் சூட்டைக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய்த் திரும்பக் கேத்தலுக்கே வரும். ஒரே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. உன் ஏசிக்காரர்கள் குழாயை வெட்டி மூன்று தட்டைப் பூட்டியபோது உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. காற்று மேலே போய் நின்றுகொண்டு தண்ணீரை ஏற விடாமல் மறிக்கிறது.

முதலில் பொயிலரை நிறுத்தி ஆறவிடு. ஒவ்வொரு தட்டின் மேல்மூலையிலும் ஒரு சின்ன ஆணி இருக்கும். அதற்கென்று ஒரு சாவி உண்டு, அலாவுதீன் ஹார்ட்வெயார் கடையில் வாங்கித் தருவார். துணியைக் கீழே பிடித்துக்கொண்டு அரைச் சுற்று முறுக்கு. உஸ்ஸென்று காற்றுப் போகும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடு. பிறகு பொயிலருக்குக் கீழே இருக்கும் வட்ட மீற்றரைப் பார். முள் ஒன்றுக்குக் கீழே இறங்கியிருந்தால், பக்கத்துக் குழாயை மெல்லத் திறந்து ஒன்றரைக்குக் கொண்டுவந்து மூடு. அவ்வளவுதான்.

இதற்கு ஏன் கல்லூரியில் படித்தவனைக் கேட்க வேண்டும்? அண்ணன் போதும்.

சுஜந்தன்


குவைத்
19.12.2024

அண்ணா,

சுகமா? இந்த முறை முதலில் கேட்டுவிட்டேன்.

நீங்கள் எழுதியது எழுதியபடியே நடந்தது. உஸ்ஸென்று காற்றுப் போய், தண்ணீர் என் முகத்தில் அடித்து, மூன்று தட்டும் மேலிருந்து கீழ் வரை சுட்டன. பாபா இடது கையால் என் தலையைத் தடவினார். மேடம் என்னை முஹந்திஸா என்று கூப்பிடுகிறா, இஞ்சினியராம். மீனாம்பாள் அக்கா சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனா. "ஒங்க அண்ணன் லேசுப்பட்ட ஆளு இல்ல போலருக்கே" என்றா. நானும் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

இப்போது வேறொரு தொல்லை. பொயிலர் அறை எங்கள் அறைக்கு நேரெதிரே இருக்கிறது, நடுவில் ஒரு சின்ன நடை மட்டும்தான். முன்பு பொயிலர் அறைக்குப் பின்பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. புது அறையைக் கட்டும்போது அதைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மற்றச் சுவரில், முற்றத்துப் பக்கமாக, சாய்வான இரும்புப் பட்டிகள் வைத்த ஒரு ஓட்டை இருக்கிறது. அதற்குள்ளால் காற்று அடித்து, கதவின் கீழால் எங்கள் அறைக்குள் வருகிறது. கூடவே மணல். விடிய எழும்பினால் வாய்க்குள் மணல் கடிபடுகிறது. பெரிய அறையெல்லாம் சுட்டுக்கொண்டிருக்க, எங்கள் அறையில் நாங்கள் இரண்டு பேரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுக்கிறோம். அக்காவுக்கு இருமல் நிற்கவில்லை. வேலைக்காரர் அறைக்குத் தட்டு வைக்க மேடம் ஒத்துக்கொள்ளமாட்டா. என்ன செய்யலாம்?

ரக்ஷிதாவுக்கு பௌதிகத்தில் எண்பத்தொன்று. யாரிடமும் சொல்ல ஆளில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

தக்ஷா


முசஃபா
21.12.2024

தக்ஷா,

எண்பத்தொன்றா? எங்கள் வீட்டில் யாருக்கும் பௌதிகத்தில் நாற்பது தாண்டியதில்லை. நான் சொன்னேன் என்று அவளிடம் சொல்லாதே. சரி, சொன்னாலும் பரவாயில்லை.

உன் ஓட்டைக் கதைக்கு வருகிறேன். இது ஒரு பிரச்சினையே இல்லை. பன்னிரண்டு வருடமாக நான் செய்யும் வேலையே இதுதான். ஒரு அறைக்கு ஏசி பூட்டப் போனால் முதலில் ஓட்டை எங்கே என்று பார்ப்போம். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, குழாய் போகும் துளை, ஒன்றையும் விடமாட்டோம். அடைக்காவிட்டால் காசு கொடுத்துக் குளிராக்கிய காற்று வெளியே போய்விடும். இங்கே குளிருக்குப் பதில் சூடு, வேறு வித்தியாசம் கிடையாது. அந்த ஓட்டையால் உள்ளே வரும் குளிர்காற்று பொயிலரின் சூட்டையும் தின்றுகொண்டிருக்கும்.

அலாவுதீனிடம் ஒரு ஃபோம் பலகையும் வெள்ளி நிறத்தில் வரும் ஏசி டேப்பும் வாங்கித் தரச் சொல். ஃபோமை அளவுக்கு வெட்டி அந்தப் பட்டிகளின் மேல் இறுக்கி வை. சுற்றிவர இரண்டு சுற்று டேப் ஒட்டு. ஒரு பொட்டுக் காற்றும் வரக்கூடாது. கையை வைத்துப் பார், எறும்பு மூச்சு விட்டாலும் தெரிய வேண்டும்.

முஹந்திஸா என்று கூப்பிடுகிறாளாம். உனக்குத் தலைக்கு ஏறிவிடப் போகிறது.

அண்ணா


குவைத்
2.1.2025, வியாழன்

அண்ணாவுக்கு,

புது வருடம் பிறந்து இரண்டு நாள். போன வியாழன் அலாவுதீன் நானா ஃபோமும் டேப்பும் கொண்டுவந்தார். அன்றே அடைத்துவிட்டேன், எறும்பு மூச்சுக்கூட வரவில்லை. மணல் நின்றுபோய்விட்டது. பொயிலரும் இப்போது ஓயாமல் எரிகிறபடியால் நடையெல்லாம் வெதுவெதுப்பு. இந்தக் குளிர்காலத்தில் முதல்தரமாக ஸ்வெட்டர் இல்லாமல் படுத்தேன். படுக்கும்போது உங்களைத்தான் நினைத்தேன். என்மேல் இருந்த கோபத்துக்கும் காரணம் பயம்தான் என்று இப்போது விளங்குகிறது. நான் போனால் அடிவாங்குவேன் என்று நீங்கள் பயந்தீர்கள், அடியும் வாங்கினேன். இதை எழுத எனக்கு மூன்று வருடம் எடுத்திருக்கிறது.

அவசரமாக எழுதுகிறேன். வீட்டார் எல்லாரும் இன்று பின்னேரம் பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறார்கள், ஒரு கிழமைக்கு, அடுத்த வியாழன் வரைக்கும். அலாவுதீன் நானாவும் கூடப் போகிறார். அங்கே சிக்னல் இல்லாமல் போன் எடுக்காதாம், எங்கள் போன்களும் அலுமாரிக்குள் பூட்டியபடிதான். பாபாவைப் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் நிற்கிறோம். யார் பெல் அடித்தாலும் கேட் திறக்கக்கூடாது என்று மேடம் மூன்று தரம் சொல்லிவிட்டா. என் விஷயம் தெரிந்தவதானே. ஆகவே அடுத்த கடிதம் பிந்தும், யோசிக்க வேண்டாம்.

மீனாம்பாள் அக்காவுக்கு நாலு நாளாகத் தலையிடி, நேற்று சாப்பிட்டதையெல்லாம் இரண்டு தரம் சத்தி எடுத்தா. எனக்கும் விடிய எழும்பும்போது தலை பாரமாக இருக்கிறது. முற்றத்தில் உடுப்புக் காயப்போடப் போனால் சுகமாகிவிடுகிறது, வெயில் படாததுதான் காரணமாக்கும். பாபா பகலெல்லாம் நித்திரை. பொயிலரின் சின்னக் கண்ணாடிக்குள்ளால் தெரியும் தீ முன்பு நீலமாக இருந்தது. இப்போது மஞ்சளாக, கோயில் விளக்குப்போல ஆடுகிறது. பார்க்க வடிவு. மேலே சுவரில் கரி பிடிக்கிறது, மேடம் வரமுதல் துடைக்க வேண்டும்.

நானா ஹோர்ன் அடிக்கிறார்.

தக்ஷா


முசஃபா
3.1.2025, வெள்ளி, காலை

தக்ஷா,

அந்த ஓட்டையைத் திற. இதை வாசித்து முடிக்கும் வரைக்கும்கூட நிற்காதே. போய் டேப்பைக் கிழி, ஃபோமைப் பிடுங்கி எறி. காஸ் சிலிண்டரை மூடு. வீட்டுக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திற. பாபாவை இழுத்துக்கொண்டு மூன்று பேரும் முற்றத்துக்குப் போய் இருங்கள்.

உன் கடிதம் நேற்றுப் பின்னேரம் வந்தது. நான் ஒரு கட்டிட மொட்டைமாடியில் நின்றேன், போனைப் பார்க்கவில்லை. இன்று காலைதான் வாசித்தேன். வாசித்துவிட்டுச் சிரித்தேன், தக்ஷா. மஞ்சள் தீ, கோயில் விளக்கு என்று நீ எழுதியதைத் தேநீர் குடிக்கும்போது எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் கம்பனியில் அனந்தகிருஷ்ணன் என்று ஒரு கும்பகோணத்துக்காரர் இருக்கிறார், முன்பு ஹோட்டல் சலவைப் பொயிலரில் வேலை செய்தவர். அவர் கப்பைக் கீழே வைத்துவிட்டார். "ஓட்டைய அடைக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஏசி அறை வேறு, பொயிலர் அறை வேறாம். ஏசி காற்றைத் தின்பதில்லை, தீ தின்னும். அதற்குக் காற்று வரவென்றுதான் அந்த ஓட்டை. காற்றுப் போதாவிட்டால் தீ மஞ்சளாகும், கரி கக்கும், மணமே இல்லாத ஒரு நச்சுவாயு வரும். முதலில் தலையிடி, பிறகு சத்தி, பிறகு நித்திரை. நித்திரை வந்தால் எழும்புவது இல்லையாம். மூன்று ரேடியேட்டர் கூடியதால் தண்ணீர் ஆறி ஆறி வருகிறது, பொயிலர் ஓய்வில்லாமல் எரிகிறது. ஜன்னலை அவர்கள் அடைத்தார்கள், மிச்சமிருந்த ஒன்றை நான் அடைத்தேன்.

அலாவுதீனுக்கு இதுவரை பதினாறு தரம் போன் பண்ணிவிட்டேன், எடுக்கவில்லை. இந்தக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போய்ச் சேராமல் ஒற்றைச் சரி அடையாளம்தான் விழும் என்று தெரியும். ஆனாலும் அனுப்புகிறேன்.

அண்ணா


முசஃபா
3.1.2025, பின்னேரம் மூன்று மணி

தக்ஷா,

இன்னும் ஒற்றைச் சரிதான். நீ இதை எப்போது வாசிப்பாய் என்று எனக்குத் தெரியாது. சும்மா இருக்க ஏலாமல் எழுதுகிறேன்.

குவைத் ஃபர்வானியாவில் போன் கடை வைத்திருக்கும் சதக்கத்துல்லாவை உனக்குத் தெரியாது. முன்பு என் அறையில் இருந்தவர். அவருக்கு லொக்கேஷனை அனுப்பிக் கெஞ்சினேன். ஜும்மாவில் நின்றவர், வெளியே வந்து போனைப் பார்த்ததும் நேரே உன் வீட்டுக்குப் போனார். கேட்டுக்கு வெளியே நின்றபடி எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, பெல் அடிச்சு அடிச்சு விரலு நோவுது. உள்ள ஒரு சத்தமும் இல்ல. ஃபயர் சர்வீஸுக்குப் போன் போடட்டா, வேணாமா? நீதான் சொல்லணும்."

திறக்கக்கூடாது என்று மேடம் சொன்னபடியால்தான் நீ உள்ளே மூச்சுக் காட்டாமல் இருக்கிறாயா? அல்லது மூச்சே இல்லாமல் கிடக்கிறாயா? இரண்டில் எதுவானாலும் பெல்லுக்கு ஒரே பதில்தான். ஃபயர் சர்வீஸ் வந்தால் பின்னாலேயே பொலிஸ் வரும். நீ நல்லபடியாக இருந்தால், அந்த ஒரு போனால் உன்னைப் பிடித்துக் கொடுத்தவன் நான். ரக்ஷிதாவின் படிப்பையும் நிறுத்தினவன் நான். போட வேண்டாம் என்று சொல்லி, நீ கிடந்தால்?

சதக்கத்துல்லா லைனில் நின்றுகொண்டே இருந்தார். அவர் மறுபடி பெல் அடிப்பது போனில் கேட்டது. ஒருவரும் வரவில்லை.

போடச் சொல்லிவிட்டேன். என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, என்னை ஏசுவதற்காவது உயிரோடு இரு.

அண்ணா


கரவெட்டி
12.2.2025

அண்ணா,

வந்து சேர்ந்து பத்து நாள். உங்கள் போன் எதையும் நான் எடுக்கவில்லை. கோபம் மட்டும் காரணமில்லை. கதைத்தால் கத்துவேன், இல்லாவிட்டால் அழுவேன், இரண்டிலும் விஷயத்தைச் சொல்லி முடிக்க ஏலாது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கடைசி இரண்டு கடிதத்தையும் ஆஸ்பத்திரியில்தான் வாசித்தேன். அலாவுதீன் நானா போனைக் கொண்டுவந்து காட்டினார். காட்டும்போது அவரே அழுதார்.

பெல் அடித்தது எங்களுக்குக் கேட்டது. நானும் மீனாம்பாள் அக்காவும் குசினி அடுப்படித் தரையில் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு இருந்தோம். அக்காவுக்கு எழும்ப ஏலாது, எனக்குத் தலை சுற்றியது. யாரோ என்னைத் தேடி வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு சைரன் கேட்டது. எனக்குச் சைரன் என்றால் பொலிஸ், வேறொன்றும் மனதில் வரவில்லை. பொலிஸ் வந்தால் என்ன செய்வது என்று நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். அக்காவிடம் கடதாசி இருக்கிறது, அவ கதவைத் திறந்து, தானும் பாபாவும் மட்டும்தான் வீட்டில் என்று சொல்ல வேண்டும். நான் ஒளிய வேண்டும்.

மேடம் பூட்டாமல் விட்டுப்போன அறைகளில் உள்பக்கம் தாழ்ப்பாள் இருப்பது ஒன்றுதான். நான் பொயிலர் அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன், அண்ணா.

அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்த்தான் கேட்டைத் திறந்திருக்கிறா. வந்தவர்கள் முதல் கேட்டதே பொயிலர் எங்கே என்றுதான். அக்கா அறையைக் காட்டிவிட்டு, பேசி வைத்தபடியே "ரெண்டு பேருதான்" என்று சொன்னா. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருப்பதைக் கண்டு அவர்கள் கதவை வெட்டினார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தப்பியிருக்க மாட்டேன் என்று டாக்டர் சொன்னார். அக்கா இப்போது சுகம். பாபாவும் பிழைத்துக்கொண்டார். மூன்று பேரில் கடைசியாகக் கண் திறந்தது நான்தான்.

நாலாம் நாள் பொலிஸ் வந்து விரலடையாளம் எடுத்தது. பழைய கேஸ் எழும்பிவிட்டது. ஓட்டையை யார் அடைத்தது என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு கேட்டார்கள். உங்கள் பெயரைச் சொல்லியிருந்தால் உங்களை அங்கே தேடியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் குளிர்ந்தது, நானேதான் அடைத்தேன் என்று சொன்னேன். அலாவுதீன் நானாவும் போனில் இருந்த கடிதங்களை அழித்துவிட்டார். வீட்டுக்காரர் என்மேல் கேஸ் போடவில்லை. ஜன்னலைக் கல் வைத்து அடைத்தது அவர், அது வெளியே வரக்கூடாது என்று நினைத்திருப்பார். நாடு கடத்தியபடியால் இனி நான் திரும்பிப் போக ஏலாது.

நீங்கள் ஃபயர் சர்வீஸுக்குப் போன் போடச் சொன்னது சரி. ஆஸ்பத்திரியில் படுத்திருந்து திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன், சரிதான். ஓட்டையை அடைக்கச் சொன்னது பிழை. நன்றி சொல்ல வாய் வருகிறது, உடனே கோபமும் வருகிறது. இரண்டும் சேர்ந்தேதான் இருக்கும் போல.

ரக்ஷிதா போன கிழமை பௌதிக வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நான் நிற்கச் சொல்லவில்லை. வீட்டு நிலைமையைப் பார்த்துத் தானாகவே நின்றாள். "அம்மா, சோதனைக்குப் பிறகுதானே வருவன் எண்டனீங்கள், ஏன் இப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டாள். பொலிஸிடம் சொன்ன பொய்யை என் பிள்ளையிடமும் சொல்ல எனக்கு மனமில்லை. உண்மையை நான் சொன்னால் அது உங்களைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும். மாமாவிடம் கேள் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று வருடமாக அவளோடும் நீங்கள் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு உங்களுக்குப் போன் எடுப்பாள். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கோ.

தக்ஷா